ஜானட் காருக்குக் குட்டை கியர்

ஜூலை 2, செவ்வாய்
ஜானட்டின் காரை விலைக்குப் பார்க்கப் பெரம்பூரிலிருந்து ஒருவன் வந்தான். என் தங்கை ரோஸ்மேரியின் மகள் தன் சம்பளத்தில் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ராயபுரத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஸ்கூட்டரில் விழுந்து ஜானட்டின் இடது தோள் இறங்கியதிலிருந்து மூன்றாவது கியருக்கு எட்டித் தள்ள முடியவில்லை, உயிர் போகிறதாம்.
"வித்துட்டு ஆட்டோமேட்டிக் வாங்குடி" என்றாள் ரோஸ்மேரி. பிள்ளை முகம் சுண்டிப்போனது.
"லூர்து மாமா கீறேன் கண்ணு. கியருக்குக் குட்டை ராடு போட்டா சுண்டு விரல்லயே மாத்தலாம்" என்றேன். வந்தவன் என்னைப் பார்த்தே ஓடிவிட்டான்.

ஜூலை 6, சனி
குட்டை ராடு வந்தது. படித்தது எட்டாவதுதான், ஆனால் எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டிய காலத்தில் என்னைக் கண்டாலே கியர்பாக்ஸ் தானாகக் கழன்று விழும்.

ஜூலை 7, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்ததும் வேலை. சீட்டுகளுக்கு நடுவிலுள்ள பெட்டியைக் கழற்றி, ரப்பர் உறையை உருவி, லாக் வளையத்தை நெம்பினேன். எகிறி சீட்டுக்கடியில் போய்விட்டது.
"இன்னா மாமா, அதுவும் உன்ன பாத்து ஓடிச்சா?" என்றாள் டார்ச் பிடித்த ஜானட்.
கிரீஸ் பூசிப் புது ராடை இறக்கினேன். பாதித் தூரத்திலேயே கியர் விழுகிறது. டக், டக். தெருவே கைதட்டியது. தெரு என்றால் பக்கத்து வீட்டு பிலால்.

ஜூலை 9, செவ்வாய்
"சூப்பர் மாமா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனாள். பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்
திருவொற்றியூர் சிக்னலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஜானட் கார். பச்சை விழுந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, உடம்பைத் திருப்பி, அந்தக் கையால் கியர் போட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு. பின்னால் கண்டெய்னர் லாரி.
ஐயோ லூர்து, இன்னாடா பண்ணி வச்சே! ராடு குட்டையானா தூரந்தான் கொறையும், பலம் ஜாஸ்தி வேணுமே. ட்ரெய்லர்ல எதுக்கு அம்மாம் நீட்டு ராடு? முப்பது வருசம் ஆட்டினியே — தம்மாத்தூண்டு யோசனை வர்ல?

ஜூலை 12, வெள்ளி
பழைய ராடையே மாட்டினேன்.
"சொல்லியிருக்கலாமே கண்ணு?"
"நீ ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தே. எப்டி மாமா சொல்றது?" பிறகு மெதுவாக, "வித்துடலாமா?" என்றாள்.
இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "நீ கிளட்ச் மிதி, நம்பர் சொல்லு. கியர் என்னோட டூட்டி."

ஜூலை 15, திங்கள்
தினமும் ஆபீஸ் வரை இப்படித்தான். "மூணுன்னா ஒண்ணு போடறியே!" என்று கத்துகிறாள். கார் குதிக்கிறது. சிரிப்பை நிறுத்த முடியவில்லை, இருவருக்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
கையைப் பின்னால் கொண்டுபோய்த் தானே சடை பின்னினாள். பிசியோதெரபி என்கிறார்கள். நான் தடவிவிட்ட தைலம்.

செப்டம்பர் 9, திங்கள்
கியரில் கை வைத்துக் காத்திருந்தேன். நம்பர் சொல்லவில்லை. என் கை மேலேயே தன் கையை வைத்து மூன்றில் தள்ளினாள். வலியா என்று முகத்தைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கையை உருவிக்கொண்டேன். நாலாவதை அவளே போட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்
முட்டி வலி, இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டேன். லூர்துக்கு ஏது முட்டி வலி? ஜன்னல் ஓரம் நின்றேன். தெரு முனையில் இரண்டாவது கியர் விழுந்தது கேட்டது. கொஞ்சம் தள்ளி, மூன்று.