வலது தோளும் ரப்பர் பட்டையும்

மார்ச் 4, திங்கள்

இன்றும் காணாமல்போன பொருட்கள் அறையில்தான் வேலை. பயணிகள் பேருந்தில் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கு நடுவே நானும் ஒரு குடையாக உட்கார்ந்திருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளின் தசைநார் பாதி கிழிந்ததிலிருந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பதில் இந்த அறைதான் கதி. "பழைய வண்டிங்க, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும். மொதல்ல கை தேறட்டும், அப்புறம் பாப்போம்" என்கிறார் பணிமனை மேலாளர். அப்புறம் என்றால் எப்போது?

மே மாதத்துக்குள் பயிற்சியில் தேறாவிட்டால் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பேருந்து ஓட்டுவது சந்தேகம்தான்.

மார்ச் 6, புதன்

பிசியோதெரபிப் பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பட்டையைக் கொடுத்தாள். அதைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அவ்வளவுதானா? ஒரு பேருந்தையே திருப்பியவளுக்கு இது!

"தலைமுடியைக் கட்டிக்கலாம் போல இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, வெள்ளி

வலிக்கவும் இல்லை, வலுக்கவும் இல்லை.

மார்ச் 23, சனி

கடையில் கறுப்புப் பட்டை வாங்கினேன். இருப்பதிலேயே கடினமானது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

போச்சு. காலையில் பல்லைக் கடித்து இழுத்தேன், பிடி நழுவியது, பட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனது. தோளுக்குள் சுரீரென்று ஒரு வலி. கையைத் தூக்கவே முடியல. மறுபடியும் கிழிஞ்சிடுச்சா? எனக்கு ஏன் இந்த அவசரம்? வீட்டுக்காரர்கிட்ட என்னன்னு சொல்றது —

மார்ச் 27, புதன்

சொல்லிவிட்டேன். திட்டவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "கெளம்பு" என்றார், அவ்வளவுதான்.

பிசியோதெரபிப் பெண் தோளை அழுத்தினாள், திருப்பினாள், தூக்கிப் பார்த்தாள்.

"புதுசா எதுவும் கிழியலக்கா. தசை பிடிச்சிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் திட்டினாள். "கையில தூக்குற இரும்புக் குண்டு எப்பவும் ஒரே கனம். பட்டை அப்படியில்ல, இழுக்க இழுக்க அதுவும் பலமா இழுக்கும். நீங்க கறுப்பை இழுத்தப்போ கழுத்தும் முதுகும்தான் இழுத்துச்சு. தோள்மூட்டைக் குழியில புடிச்சு வெக்கிற சின்னத் தசைங்க சும்மா இருந்துச்சு. அதுங்களுக்கு லேசான பட்டைதான்க்கா. இழுத்துட்டு மெதுவா விடணும். விடும்போது தசை நீண்டுக்கிட்டே தாங்கும் பாருங்க, வலு நல்லா ஏறுறது அங்கதான்."

நான் இத்தனை நாளும் இழுத்த கையோடு பட்டென்று விட்டுக்கொண்டிருந்தேன். பாதி வேலையை நானே தூக்கிப் போட்டிருக்கிறேன்!

ஏப்ரல் 2, செவ்வாய்

மஞ்சள் பட்டைதான். மெதுவாக, மிக மெதுவாக விட்டேன். தோள்பட்டைக்குப் பின்னால் இடது கை விரலை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். எலும்பின் மேல் ஏதோ மெல்லியதாகத் திரண்டு இறுகியது. உள்ளே ஓர் ஆள் விழித்துக்கொண்ட மாதிரி. இதற்கே நெற்றியில் வியர்வை.

ஏப்ரல் 19, வெள்ளி

கொஞ்சம் கடினமான பச்சைப் பட்டைக்கு மாறியாயிற்று. மேல்தட்டிலிருந்து கோப்பையை எடுத்துத் திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன?"

"வலது கையால எடுத்த."

நான் கவனிக்கவே இல்லை.

மே 14, செவ்வாய்

ஆபரேஷன் வேண்டாம்! டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் இவர் என் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார், எங்கே டாக்டர் மனசை மாற்றிக்கொள்வாரோ என்று.

மே 29, புதன்

பணிமனை மைதானத்தில் ஓட்டிக் காட்டினேன். இருப்பதிலேயே பழைய வண்டியைத்தான் கொடுத்தார் மேலாளர், கிராதகர். எட்டுப் போட்டேன். மறுபடி வண்டி ஓட்டலாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூன் 10, திங்கள்

காலையில் சரியான நெரிசல். பின்னாலிருந்து ஒருவர், "ஏம்மா, இன்னிக்குள்ள போய்ச் சேருவோமா?" என்று கத்தினார். "எறங்கி நடந்தா எனக்கு முன்னாடியே போயிடலாம்ணே" என்றேன். வண்டியே சிரித்தது.

சந்தைத் திருப்பத்தில் எவனோ காரைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். மொத்த ஸ்டியரிங்கையும் ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து வெளியே வந்தேன். அவனை மனசார வைதேன். தோளென்று ஒன்று இருப்பதே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.