ஈரம் காய்வதற்குள்

ஜூன் 3, செவ்வாய்

புது ஸ்கெட்ச் புக் வாங்கிவிட்டேன். தடித்த தாள், கம்பிச் சுருள் போட்டது. "வாட்டர் கலருக்கும் தாங்கும்மா. ஆனா ரொம்பத் தண்ணி விடாதீங்க" என்றார் கடைக்காரர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் தூரிகையைத் தொட்டதே இல்லை. இந்த வயதில் என்ன கிறுக்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பையின் அடியில், அத்தையின் மருந்துகளுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு வந்தேன்.

கண்ணாடிக் கடை வேலைக்கு விடுப்புச் சொல்லியாயிற்று. அத்தை இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்து நடக்கலாம்; பக்கத்தில் ஆள் இல்லாமல் மட்டும் எழுந்திருக்கக் கூடாது. அவர் மகன், என் கணவர், காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் திரும்புவார். பகல் முழுக்க மாமியாரும் மருமகளும்தான். அத்தை கண்ணயரும் நேரத்தில் எனக்கென்று ஏதாவது வேண்டியிருந்தது.

முதல் பக்கம் சோதனைக்கு. கட்டம் போட்டு ஒவ்வொரு பென்சிலாகத் தேய்த்துப் பார்த்தேன். எச்பி வெறும் சாம்பல். சிக்ஸ் பி-யை விரலால் இழுத்தால் புகை மாதிரி பரவுகிறது. என்ன சுகம்!

ஜூன் 5

கரிக்குச்சி. மூக்கு, கன்னம், கைப்பிடி, கதவு எல்லாம் கரி. அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "என்னடி, புகைக்கூண்டுக்குள்ள தலைய விட்டியா?" என்றார். ஏதோ பாத்திரம் தேய்த்தேன் என்று மழுப்பினேன்.

ஏன் மழுப்பினேன்? படம் போடுவது என்ன திருட்டா?

ஜூன் 8, ஞாயிறு

அவர் வீட்டில் இருந்ததால் நோட்டை எடுக்கவில்லை. சாப்பிடும்போது அவர் சொன்னார்: "நீ பாத்துக்கறதால ஆச்சு. இல்லன்னா அம்மாவ எங்கயாவதுதான் சேத்திருக்கணும்." பெருமையாகத்தான் சொன்னார். அத்தையின் அறைக் கதவு திறந்திருந்தது.

ஜூன் 11

ஈரத் தாளில் நீலத்தை விட்டு, மேலே உப்பைத் தூவினேன். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பூ. சமையலறை உப்புக்கு இந்த வித்தை தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

மத்தியானம் அத்தை தூங்கும்போது அவர் பாதங்களை மைப்பேனாவில் வரைந்தேன். கேட்காமல். நன்றாக வந்திருக்கிறது. பார்க்கப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

அத்தை விழுந்துவிட்டார்.

ஜூன் 14

எழுதிவிடுகிறேன். வேறு எங்கே சொல்ல?

வானம் போட்டுக்கொண்டிருந்தேன். தாள் முழுக்க நனைத்து, ஈரம் காய்வதற்குள் வண்ணம் இறங்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் காய்ந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். இதற்கு முன் மூன்று பக்கம் அப்படித்தான் பாழாயிற்று. இந்தத் தடவை நீலமும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, அப்படி ஒரு வானம்.

அத்தை கூப்பிட்டார். "ரெண்டே நிமிஷம் அத்தை, வந்துட்டேன்" என்றேன்.

மறுபடி கூப்பிட்டார். நான் பதிலே சொல்லவில்லை. காது கேட்டது. நல்லா கேட்டுச்சு. வாயத் திறந்தா கை தப்பிடும்னு பேசாம இருந்தேன். அட பாவி, அப்படி என்ன பெரிய வானம்?

பிறகு சத்தம். வாக்கர் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். துணி நனைந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "அவசரமா வந்துச்சு" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "நானேதான் கூப்பிடாம எழுந்துட்டேன் டாக்டர். இவ பாவம், உள்ள வேலையா இருந்தா."

என் நகக்கண்ணெல்லாம் நீலம். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 16

அவர் அம்மாவைத் திட்டினார். "எத்தன தடவைம்மா சொல்றது? கூப்பிட வாயில்லையா உனக்கு?" மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுளையாக, நாரெல்லாம் எடுத்து. உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 20

நோட்டு, பெயின்ட், தூரிகை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அலமாரிக்கு மேலே பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கண்ணில் படாவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பு.

அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், போன் செய்தார். "நீ இருக்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா தூங்கறேன்." போனை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அத்தை எதுவும் நடக்காதது போலவே இருக்கிறார். சோறு குழைந்துவிட்டது என்கிறார், டிவி சத்தம் பத்தவில்லை என்கிறார். திட்டிவிட்டால் தேவலை.

ஜூன் 22, ஞாயிறு

அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டதையும், கேட்டும் படத்தை விட்டுப் போகாததையும்.

அவர், "படமா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. எழுந்து பால்கனிக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டார்.

நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 23

அண்ணி அத்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகப் போகிறார். அத்தையிடம் என் கணவர்தான் காலையில் சொன்னார். அவர் ஆபீஸ் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டார். ஓடினேன்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"மனசு கேக்கல அத்தை. எனக்காக நீங்க பொய் சொல்லி, திட்டும் வாங்கிக்கிட்டு…"

"உனக்காகவா? நல்லா இருக்கே கதை! எனக்காகச் சொன்னேன்டி. உன்னால முடியலன்னு தெரிஞ்சா என்னை எங்கயாவது கொண்டுபோய்ப் போடுவாங்க. அது தெரியாதா எனக்கு? ஒரு கை போனாப் போகட்டும், என் கட்டில், என் ஜன்னல்னு கிடந்தேன்."

அத்தை போர்வையை இழுத்து மாவுக்கட்டை மூடிக்கொண்டார்.

"உன் மனசு லேசாகணும். அதுக்கு நான் பெட்டி கட்டணும். அதானே?"

உண்மையைச் சொன்னதும் தப்பாகப் போகுமா? கேட்காதது போல இருந்தது ஒரு தப்பு. அவரைக் கேட்காமல் சொன்னது இன்னொன்று. இரண்டிலும் என்னை மட்டும்தானே பார்த்திருக்கிறேன்.

ஜூன் 25

அண்ணி காரில் வந்து அழைத்துப் போனார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை; அத்தையின் மருந்துப் பையை மட்டும் வாங்கிக்கொண்டார். அத்தை படி இறங்கும்போது என் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 1

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். அடித்துப் போட்ட மாதிரி.

இன்று நோட்டை இறக்கினேன். ஆயில் பேஸ்டலைப் பிரித்து நாலு கோடு இழுத்தேன். மெழுகு மாதிரி வழுக்குகிறது. வீடு முழுக்க நேரம் கொட்டிக் கிடக்கிறது. யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒன்றும் வரவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 4

அண்ணியிடம் நானே போன் செய்து கேட்டேன், அத்தை எப்படி இருக்கிறார் என்று.

"அம்மாவா? ரொம்ப சமத்தா இருக்காங்க. சத்தமே இல்ல. பாத்துக்க ஒரு ஆள் வச்சிருக்கேன். பாத்ரூமுக்கு எழுப்பறதே ஆபத்துன்னு டயப்பர் போட்டுட்டோம். எல்லாருக்கும் வசதியா இருக்கு."

சமத்தா! பேப்பர் போடும் ஆள் ஐந்து நிமிஷம் பிந்தினால் வாசல் வரை குரல் கொடுக்கிற மனுஷி. வாக்கரில் நடக்கத் தெரிந்தவருக்கு டயப்பர். அண்ணியைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? அதைப் போட வைத்தது என் வாய்தானே.

ஜூலை 6, ஞாயிறு

"அத்தையத் திரும்பக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"மறுபடி ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் பதில் சொல்றேன். ஆனா நீங்களும் பாக்கணும். ஞாயித்துக்கிழமை முழுக்க நீங்க. நடுவுல ஒரு நாள் சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க."

"அந்த நேரத்துல நீ? படமா?"

"ஆமா. படம்தான்."

படம் எனக்கு வேண்டும் என்று மழுப்பாமல் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புதன்கிழமைன்னா முடியும்" என்றார்.

ஜூலை 8

போனேன். நல்ல அறை, நல்ல மெத்தை, சுத்தம். அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அத்தை, வீட்டுக்குப் போலாமா? உங்களக் கேட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போறேன். வேண்டாம்னா இல்ல."

அண்ணி பின்னால் இருந்து, "அங்க போய் மறுபடி விழுந்துட்டா என்னம்மா பண்ணுவே?" என்றார்.

அத்தை மெதுவாகத் திரும்பி, "விழுந்தா விழறேன். என் செருப்பு எங்க?" என்றார். மகளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. டாக்ஸியில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே முகம்.

ஜூலை 12

பேச்சு கிடையாது. வேண்டியபோது ஸ்பூனால் டம்ளரைத் தட்டுகிறார். போகிறேன்.

அவருடைய அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், நோட்டும் பென்சிலுமாக. பென்சிலை எந்த நேரத்திலும் கீழே வைத்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. வாட்டர் கலர் புதன், ஞாயிறு மட்டும். இன்று அவரைப் பார்த்து, "உங்களை வரையலாமா அத்தை?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஜன்னலை வரைந்தேன்.

ஜூலை 19, சனி

பகலில் அத்தை கூப்பிட்டார். தட்டவில்லை, கூப்பிட்டார். வாக்கரின் இடது பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பாத்ரூம் வாசலில் என் கையை விலக்கினார்.

"நீ வெளியவே நில்லு. போயிடாத."

கதவை ஒருக்களித்துவிட்டு நின்றேன்.

"இருக்கியா?"

"இருக்கேன் அத்தை."

தண்ணீர்ச் சத்தம். அது நின்றதும் மறுபடி, "இருக்கியா?"

"இருக்கேன்."