குடும்பத்தில் யாருக்காவது உண்டா

பிப்ரவரி 4, ஞாயிறு

பெரியவன் இன்றும் வரவில்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் பன்னிரண்டு மணிக்கு ஃபோன் செய்தான். "ரிலீஸ் இருக்குப்பா, அடுத்த வாரம் நிச்சயம்." ஜெயிலில் இருப்பவனுக்குத்தான் ரிலீஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உனக்கென்ன என்றேன். சிரித்தான். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

"உட்கார்ந்து பாக்கிற வேலைக்கு மூச்சு என்னடா வாங்குது? நான் உன் வயசுல நாப்பது கிலோ மோட்டாரைத் தோள்ல வச்சுக்கிட்டு எட்டு மாடி ஏறினவன்."

"தெரியும்ப்பா. எட்டு மாடியும் எனக்கு மனப்பாடம்."

மாலையில் சின்னவள் வந்தாள். அவளுக்கும் அதே சாஃப்ட்வேர் தொழில், கம்பெனிதான் வேறு. வந்தவள் மடிக்கணினியைத் திறந்தாள், போகும்போது மூடினாள். இரண்டுக்கும் நடுவில் என்னிடம் நான்கு வாக்கியம் பேசியிருப்பாள். இவர்களுடைய அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. இதையெல்லாம் பார்க்காமல் போனாளே, அதுவரைக்கும் நல்லது.

பிப்ரவரி 13, செவ்வாய்

பெரியவன் இறந்துவிட்டான். முப்பத்தொன்பது வயது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதி வைக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேனுவல் படித்துத்தான் தொழில் கற்றேன். எது நின்றாலும் நின்ற நேரம், பார்த்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதாமல் அந்த இடத்தைவிட்டு வந்ததில்லை.

செவ்வாய் காலை பத்தே முக்காலுக்கு, வீட்டில் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறான். பதினொன்று பத்துக்கு அவனிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. கேமரா அணைந்திருந்தது. ம்யூட்டில் இருக்கிறான் போலிருக்கிறது என்று யாரோ சொல்ல, மேலே பேசிக்கொண்டே போய்விட்டார்கள். பதினொன்று ஐம்பதுக்கு மீட்டிங் முடிந்தது. மருமகள் கதவைத் திறந்தது பன்னிரண்டே காலுக்கு, சாப்பிடக் கூப்பிட. அதுவரை தட்டவில்லை. மீட்டிங் நேரத்தில் தட்டக்கூடாது என்பது அந்த வீட்டில் பழக்கம்.

நாற்பது நிமிடம். பதினோரு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், என் பிள்ளை அவர்களோடு இருக்கிறான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கம்பெனியின் மனிதவள அதிகாரி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். அவனுடைய மேஜையில் இருந்தவையாம். கோப்பை, கழுத்துக்கு வைக்கிற தலையணை, பேத்தி வரைந்த படம். அடியில் நெஞ்செரிச்சல் மாத்திரையின் காலி அட்டைகள், பதினொன்று. அதைக்கூடக் குப்பையில் போடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"எங்க கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி சார்."

"எந்தக் குடும்பத்துலம்மா ஒருத்தன் நாப்பது நிமிஷம் பேசலைன்னா என்னாச்சுன்னு பாக்க மாட்டாங்க?"

தலைகுனிந்தாள். சின்ன வயதுதான், பாவம். ஆனால் எழுந்து போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். "எதுவானாலும் இது மெடிக்கல் காரணம்தானே சார்."

அந்த ஒரு வார்த்தைக்காக நாளைக்கே தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன். எனக்கு நயா பைசா வேண்டாம். வேலை கொன்றது என்று அவர்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 3, ஞாயிறு

அவனோடு வேலை பார்த்த பையன் ஒருவன் வந்தான். பெரியவன் அவனைக் "கண்ணாடி" என்றுதான் சொல்வான். சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான். ஜனவரி மாதத்து வேலை நேரம், முந்நூற்றுப் பன்னிரண்டு மணி.

"என் பேரு வராம பாத்துக்கங்க சார். எனக்கும் வீடு இருக்கு."

"அந்த ரிலீஸ் என்னப்பா ஆச்சு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மூணு மாசம் தள்ளி வச்சுட்டாங்க சார். அண்ணன் போன மறுவாரம்."

தள்ளி வைக்க முடிந்திருக்கிறது. அதை முன்னாலேயே தள்ளி வைத்திருந்தால் என்ன? என்ன கெட்டுப்போயிருக்கும்?

மார்ச் 11, திங்கள்

மனுவோடு சேர்க்க ஒரு சான்று வேண்டும் என்று இதய மருத்துவரிடம் போனேன். அன்று அவனைப் பார்த்த டாக்டரம்மா. உடற்கூறு அறிக்கையை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இந்த வயசுக்கு இவ்வளவு அடைப்பு வேலையால மட்டும் வராதுங்க."

"வேலைதான் கொன்னுச்சுன்னு எழுதிக் குடுங்க டாக்டர். மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். குனிந்து குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார்.

"இது எப்போலேருந்து இவ்வளவு தடிப்பா இருக்கு?"

"ஏணி ஏறின கால் டாக்டர். முப்பத்தொரு வருஷம்."

"உங்க மகன் ஏணி ஏறினாரா?"

நான் காலை இழுத்துக்கொண்டேன். "அவருக்கும் இதே மாதிரி இருந்திருக்கு. இதுல எழுதியிருக்கு, பாருங்க" என்று அறிக்கையைத் திருப்பி வைத்தார்.

இரத்தத்தில் கொழுப்பு பிறவியிலேயே மிகுந்திருக்கிற நோயாம். அதிகப்படி நரம்பிலும் படியும், இதயக் குழாயிலும் படியும். பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரலாம். முன்னாலேயே தெரிந்தால் மாத்திரையில் காலத்தை ஓட்டலாம்.

"அப்ப வேலைக்குச் சம்பந்தமே இல்லையா?"

"அப்படி நான் சொல்லலையே. தூக்கமில்ல, ஓய்வில்ல, எல்லாம் சேர்ந்துதான். எது எவ்வளவுன்னு பிரிச்சு எழுத என்னால முடியாது. உங்களுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

ஒரு மகள் என்றேன். சீட்டு எழுதினார். நான், மகள், பேத்தி மூவருக்கும் இரத்தப் பரிசோதனை. கீழே "இந்த வாரமே" என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

சீட்டு இந்த நோட்டுக்குள் இருக்கிறது. சின்னவளிடம் சொல்லவில்லை.

சொன்னால் பரிசோதனை செய்வாள். செய்தால் ஒரு காகிதம் வரும். அது எப்படியாவது கம்பெனி வக்கீல் கைக்குப் போகும். பரம்பரை நோய், அப்பன் கொடுத்தது, எங்களுக்கென்ன என்று கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் காற்றோடு போய்விடும்.

மே மாதம் விசாரணை. அது முடியட்டும். சின்னவள் நன்றாகத்தானே இருக்கிறாள்?

மார்ச் 24, ஞாயிறு

மருமகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நான் கதவைத் தட்டியிருக்கணும் மாமா."

"மீட்டிங்னுதானேம்மா இருந்தே."

"முதல் நாள் ராத்திரியே நெஞ்சைத் தடவிக்கிட்டிருந்தாரு. கேஸ்னு சொன்னாரு. நான் நம்பிட்டேன்."

அவள் தலையில் கை வைத்து, இதில் உன் தப்பு ஒன்றுமில்லை தாயே என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. சொல்லியிருந்தால், பின்னே யார் தப்பு என்று கேட்டிருப்பாள். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சீட்டைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

சின்னவளுக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கப் போனேன். அவள் அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கினாள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடவில்லை. அவள் வீடு ஐந்தாவது மாடி. "மெக்கானிக் வீட்டுப் பொண்ணு, எனக்கே இந்தக் கதி பாருங்க" என்று சிரித்துக்கொண்டு ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பையைப் பிடிங்கப்பா, ஒரு நிமிஷம். தூக்கமே இல்ல, அதான். அடுத்த மாசம் சரியாயிடும்."

படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். அந்தக் குதிகாலை நான் எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். இன்றுதான் பார்த்தேன். என் காலை வெட்டி அவளுக்கு வைத்த மாதிரி இருந்தது. உடனே போய் அந்த... என்னால கோர்வையா எழுத முடியல. நாப்பத்திரண்டு நாள். என்ன மனுஷன் நான்?

அங்கேயே, படியிலேயே சொல்லிவிட்டேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கேட்டாள்.

"டாக்டர் எப்போ சொன்னாரு?"

"மார்ச் பதினொண்ணு."

"இன்னிக்கு என்ன தேதி?"

பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எதுக்குப்பா மறைச்சீங்க?"

"கம்பெனிக்காரன் தப்பிச்சிடுவான்னு."

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "அவன் தப்பிக்கக் கூடாதுன்னு என்னைப் பிணையா வச்சிருந்தீங்களா?"

பையை வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறிப் போனாள். வரவேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

ஏப்ரல் 25, வியாழன்

மூவரும் இரத்தம் கொடுத்தோம். எனக்கு இருக்கிறது. சின்னவளுக்கு என்னைவிட அதிகம். பேத்திக்கு இல்லை. இதையெல்லாம் மருமகள்தான் சொன்னாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டேன். "சாப்பிட்டேன் மாமா" என்றாள்.

மே 2, வியாழன்

சின்னவளின் இதயக் குழாய் ஒன்றில் எண்பது சதவீதம் அடைப்பு. உலோகச் சுருள் வைத்துத் திறந்துவிட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முடித்திருக்கலாம்.

மகளைப் பார்க்க உள்ளே மருமகளை மட்டும் கூப்பிட்டார்கள். மகள் கேட்டுக்கொண்டாளாம். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். சாப்பிட எழுந்து போகவில்லை, அங்கேயே இருந்தேன்.

மே 14, செவ்வாய்

விசாரணை. சின்ன அறை, நீள மேஜை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வேலை நேரக் காகிதம் தபாலில் வந்தது என்று சொன்னேன். கண்ணாடியின் பெயர் என் வாயிலிருந்து வராது. கம்பெனி வக்கீல் நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா, உங்க குடும்பத்துல யாருக்காவது இதய நோயோ கொழுப்போ உண்டா?"

எதிர்பார்த்த கேள்விதான். இல்லை என்று சொல்லப் பல நாள் பயிற்சி செய்த கேள்வியும் கூட.

"உண்டு. எனக்கு இருக்கு. என் மகளுக்கும் இருக்கு. பன்னிரண்டு நாள் முன்னாடி அவளுக்கு அடைப்பு எடுத்தாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். வேலை முடிந்தது என்று அர்த்தம். நான் உட்காரவில்லை.

"நான் லிஃப்ட் மெக்கானிக் ஐயா. எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்ட்ல பதினாலு பேரை ஏத்தி, கயிறு அறுந்துச்சுன்னு வைங்க. போய்ப் பாத்தா கயிறு முன்னாடியே தேஞ்சிருக்கு. தேஞ்சிருந்ததுக்கு நான் பொறுப்பு, பாக்காம விட்டவன் நான். அதுக்காகப் பதினாலு பேரை ஏத்தினவன் பொறுப்பு இல்லைன்னு ஆயிடுமா?"

விசாரணை அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். "ஐயா சொன்னதை அப்படியே எழுதுங்க."

எழுதினார். "பாக்காம விட்டவன் நான்" என்பதையும் எழுதினாரா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஜூன் 6, வியாழன்

மனு தள்ளுபடி. இயற்கை மரணமாம்.

மேல்முறையீட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தடவை முதல் பக்கத்தில் என்னுடைய இரத்த அறிக்கை. இரண்டாவது பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு. நான் செத்தாலும் விடுவதாக இல்லை.

சின்னவள் விடுப்பில் இருக்கிறாளாம். மருமகள் சொன்னாள். என் ஃபோனை எடுப்பதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குச் சின்னவள் ஃபோன் செய்தாள். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை.

"டாக்டர் குடும்ப வரைபடம் ஒண்ணு கேக்கிறாங்க. யாரு எந்த வயசுல, எதனாலன்னு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"சரிம்மா."

"தாத்தா?"

"நாப்பத்தாறு. வெயில்ல மயங்கி விழுந்துட்டாருன்னு சொன்னாங்க."

"வெயில்னு போட முடியாது."

"நெஞ்சுதான். நெஞ்சுன்னு போடு."

பேனா எழுதுகிற சத்தம் கேட்டது.

"அண்ணனுக்கு நானே போட்டுட்டேன்" என்றாள். பிறகு கேட்டாள். "உங்களுக்குக் கொழுப்பு இருக்குன்னு முதல்ல எந்த வயசுல தெரிஞ்சுது? இந்த வருஷம்தானே, அறுபத்தெட்டுன்னு போடட்டுமா?"

இந்த நோட்டில்கூட எழுதாதது ஒன்று இருந்தது. வேலை செய்த கட்டடத்தில் ஒருமுறை இலவச இரத்தப் பரிசோதனை வைத்தார்கள். கையில் கொடுத்த காகிதத்தில் ஒரு எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டு, பிள்ளைகளுக்கும் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். எட்டு மாடி ஏறுகிறவனுக்கு என்ன நோய் என்று அதைக் கசக்கி லிஃப்ட் குழியில் போட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. அறுபத்தெட்டு என்றால் அவளும் அறுபத்தெட்டு என்று எழுதிவிட்டுப் போயிருப்பாள்.

"அம்பத்து மூணு" என்றேன்.

பேனா நின்றது. அவள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"அப்போ அண்ணனுக்கு இருபத்திநாலு."

"ஆமாம்மா."

வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. பிறகு காகிதத்தைத் திருப்பினாள்.

"சொல்லுங்க. தாத்தாகூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"