ஆன்டிபாடி போடாத ஸ்லைடு

மார்ச் 4
இன்றும் ஒன்றும் தெரியவில்லை. எலியின் சிறுநீரகத்தில் ஒரு புரதத்தைத் தேட ஆரம்பித்து இது நான்காவது வருடம். நாளை பயோட்டின் ரீஏஜென்ட் என்ற புது வேதிப்பொருள் வருகிறது. புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி போய் உட்காரும் இடத்தைச் சுற்றி அது பயோட்டின் என்ற வைட்டமினைக் குவிக்குமாம். ஒளிரும் சாயம் பயோட்டினில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு எட்டாத சமிக்ஞையும் பெரிதாகத் தெரியும். எனக்கும் கொஞ்சம் தயவு காட்டினால் சரி.

மார்ச் 6
தெரிகிறது! ஸ்லைடு முழுக்கப் பச்சை. என் ஆய்வு வழிகாட்டி மேடம் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவே இல்லை. "மாநாட்டுக்குத் தலைப்பு அனுப்பிடு. இதை வச்சே தீசிஸை முடிச்சிடலாம்" என்றார்.

மார்ச் 7
முழுக்கப் பச்சை. ஒரு மூலை பாக்கியில்லை. அவ்வளவா இருக்கும்? — இருக்கட்டுமே, எனக்கென்ன வந்தது.

மார்ச் 11
லேபில் எனக்கு மூத்தவர் அக்கா. டீ குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார்.
"ஒப்பிட்டுப் பாக்க, ஆன்டிபாடி போடாத ஸ்லைடு எங்க?"
"போடலக்கா. ரீஏஜென்ட் துளியூண்டுதான் இருந்துச்சு. வீணாக்குவானேன்னு..."
அக்கா படத்தை என் பக்கம் தள்ளிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 12
போட்டேன். ஆன்டிபாடி இல்லாமலே அதே பச்சை. சிறுநீரகத்தில் இயற்கையாகவே பயோட்டின் ஏராளம். சாயம் நேராக அதில் போய் ஒட்டியிருக்கிறது. இது பாடப்புத்தகத்துலயே இருக்கு. பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஏன்டி, இத்தனை வருஷமா என்னத்தப் படிச்ச?

மார்ச் 13
மேடத்திடம் சொல்லவில்லை. அவர் விடுப்பு என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்கே தெரியும்.

மார்ச் 16
சொன்னேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மேடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.
"தலைப்பை மாத்து. மாநாட்டுல இதையே பேசு."
"இதையா மேடம்?"
"வேற என்ன இருக்கு உங்கிட்ட?"

மார்ச் 20
திசுவின் சொந்தப் பயோட்டினைச் சாயம் ஒட்டாதபடி முதலில் மூடிவிட்டு மறுபடி செய்தேன். இரண்டு ஸ்லைடும் கும்மிருட்டு. தேடிய புரதம் பழையபடி காணோம். கழிவறையில் போய் அழுதேன். பிறகு வந்து தட்டுகளைக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 9
மாநாடு. பன்னிரண்டு நிமிடம், என் தவறை வரிசையாகப் படம் போட்டுச் சொன்னேன். மரியாதைக்குக் கைதட்டினார்கள். கேள்வி ஏதுமில்லை. வெளியே வந்தபோது வேறொரு லேபைச் சேர்ந்த கண்ணாடிக்காரர் பின்னாலேயே வந்தார்.
"நாங்களும் சிறுநீரகத்துலதான் செய்றோம். அதே ரீஏஜென்ட்."
"ஆன்டிபாடி போடாத ஸ்லைடு போட்டீங்களா?"
இல்லை என்று தலையை ஆட்டினார்.
"பரவால்லைங்க. இன்னொரு தடவை செஞ்சு பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."
"கட்டுரை போன வாரமே வெளிவந்துடுச்சுங்க."
ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டேன்.