தொட்டிமடை வழியே ஒரு லேத்

12-11-84, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு வெயில்.

மூடிப்போன மில்லில் ஏலத்தில் எடுத்த, இரும்பு கடையும் லேத்தை வியாழனுக்குள் அப்புறப்படுத்த வேண்டுமாம். தவறினால் பழைய இரும்புக்காரருக்குப் போய்விடும். பதினாறு வருடம் நான் நின்று வேலை பார்த்த லேத். தாடிக்கொம்பு ரோட்டோரம் பிடித்திருக்கும் கொட்டகைக்கு அது வந்தால்தான் சொந்தப் பட்டறை. இல்லையென்றால் இந்த நாற்பத்திரண்டு வயதில் மறுபடி எவனிடமாவது கைகட்டி நிற்க வேண்டும்.

மழையில் மில் பாலம் உடைந்து கிடக்கிறது. லாரி வராது. மிச்சம் மில் வாய்க்கால்தான். மூன்று மைல். பஞ்சுப்பொதி ஏற்றிப்போக வெட்டியது, இப்போது வயலுக்கு முறைத் தண்ணீர் மட்டும். இந்த முறை வியாழன் மாலை ஆறு மணியோடு முடிகிறது. பிறகு வெறும் சேறு.

மில்லின் இரும்புப் படகு புதரில் கிடந்தது. ஒல்லி, நல்ல நீளம். ஓட்டை இரண்டு. தார் வைத்து அடைத்தேன்.

வேண்டியவை: மூங்கில் கழி 2, வடம், உருளைக்கட்டை, கிரீஸ், கொஞ்சம் தைரியம்.

13, செவ்வாய்

வெயில். பழைய மில் ஆட்கள் எட்டுப் பேர் கூப்பிடாமலே வந்தார்கள். லேத்தை ஏற்ற நாள் முழுக்க ஆயிற்று. முதுகு போச்சு.

மச்சான் சேசு, மனைவியின் அண்ணன், இருபது வருட லாரி டிரைவர். படகும் லாரி மாதிரிதான் என்கிறான். வாயைத் திறந்தால் மூடுவதில்லை. மனைவி பிலோமினாவும் கூட வருவதாகச் சொல்லிவிட்டாள். கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள். கரையில் நடந்தே வருவாளாம்.

14, புதன்

மேகம். மாலை நாலு மணிக்கு முதல் தொட்டிமடை. இங்கே வாய்க்கால் ஓர் ஆள் உயரம் இறங்குகிறது. மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, இரண்டிலும் தண்ணீர் விட ஒரு துளை, நடுவில் படகு நிற்கும் தொட்டி. உள்ளே போனதும் மேல்கதவை மூடி, கீழ்த்துளையைத் திறந்தால் தண்ணீர் வடியும். படகும் அதோடு இறங்கும். அவ்வளவுதான் வித்தை.

மடைக்காவல் லஸ்கர் மேல்கதவை மூடி, கீழ்த்துளையைத் திறந்துவிட்டு பீடி பற்றவைக்கப் போனார். அந்த நேரத்தில் மச்சான், லாரியில் பாரம் கட்டுகிற மாதிரி, படகின் இடப்பக்கத்தைக் கரை வளையத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டான். இம்மி அசையாது என்று பெருமை வேறு.

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. இடப்பக்கம் கயிற்றில் தொங்க, லேத் ஒரு சாண் சரிந்தது. நான் படகுக்குள். மச்சான் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்துவிட்டான். அறுத்தால் படகு குப்புற விழும்.

பிலோமினாதான் சொன்னாள், "அறுக்காதண்ணே. எறங்குன தண்ணிய மறுபடி ஏத்துவோம்."

ஓடிப்போய்க் கீழ்த்துளையை அடைத்தாள், மேல்துளையைத் திறந்தாள். தண்ணீர் ஏற ஏறக் கயிறு தளர்ந்தது. படகு நேரானது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். லஸ்கர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ராத்தங்கல் இங்கேயே. புளிச்சோறு. மச்சான் அந்தக் கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

15, வியாழன்

இரண்டாவது தொட்டிமடை. கயிற்றைக் கையில் பிடித்து விட்டு விட்டு இறக்கினோம். பூப்போல இறங்கியது.

ஐந்து மணிக்குப் படகு தரை தட்டியது. ரோட்டுக்கு இன்னும் இரண்டு பர்லாங். தண்ணீரெல்லாம் கடைசி வயலுக்குள் போகிறது. பாக்கியத்தம்மாள் என்பவர் வயல், மண்வெட்டியோடு நிற்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் அவர் முறை. கேட்கவே கூச்சம். பாலம் உடைந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரத்துக்கு நெல்லு கோவிச்சுக்காது, மடைய அடைக்கிறேன், போ அப்பு. ஆனா எங்க மோட்டாரு ஷாஃப்டுதான் ஒனக்கு மொத வேல."

அடைத்தார். தண்ணீர் ஏறி, படகு லேசாக அசைந்து கிளம்பியது. ஆறு மணிக்கு ரோட்டுச் சரிவில் சேர்த்தோம். செத்த நேரத்தில் வாய்க்கால் வற்றிவிட்டது.

17, சனி

நல்ல வெயில். லேத் கொட்டகைக்குள். சரிந்ததில் கோணியிருக்குமோ என்று மூன்று நாளாகப் பயம். மட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடக் கோணவில்லை.

கரண்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு மாதம் ஆகுமாம். அதைச் சொல்லியும் பாக்கியத்தம்மாள் ஷாஃப்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணி. ஷாஃப்டை லேத்தில் மாட்டியாயிற்று; கரண்டுக்குப் பதிலாக மச்சானும் பிலோமினாவும் பெல்ட்டைக் கையால் இழுக்கிறார்கள். ஷாஃப்ட் மெல்லச் சுற்றுகிறது. உளியை ஒட்டக் கொண்டுபோனேன். முடிபோல ஓர் இரும்புச் சுருள் வந்து தரையில் விழுந்தது.