காக்காவின் நரை கடலால் வந்ததல்ல

என்னைத் தோளில் சுமந்து கரை சேர்த்த காக்காவுக்கு, என் மூத்த அண்ணனுக்கு,

உங்கட கபுர்க்குழியை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் எனக்கு ஒன்பது வயது. நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினீர்கள். வாப்பா வந்து சேரவில்லை. அடுத்த நோன்புக்குள் உங்கள் தலை பாதி வெளுத்துவிட்டது. இருபத்தொரு வயது உங்களுக்கு. "பயம் தலையில ஏறிட்டு" என்றார்கள் முகாமில். நான் கேட்டபோது சிரித்தீர்கள். "ஒன்னத் தூக்கின பாரம் புள்ள. வேற என்ன?"

பகிடிதான். நான் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டேன்.

நாலு வருசம் கழித்து, நாட்டில் சண்டை முடிந்தது என்று தெருவில் வெடி கொளுத்தியபோது நீங்கள் ஆசுப்பத்திரியில் கிடந்தீர்கள். ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. ரத்தம் ஏற்ற ஏற்றக் குறைந்தது. "இனிக் கொழும்புக்கு லேசாப் போகலாமாம்" என்றீர்கள், யன்னலைப் பார்த்தபடி. அந்த மாதமே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது எனக்கு எட்டு வயதில் ஒரு மகள். போன மாரியில் தலை சீவும்போது அவள் காதோரம் வெள்ளை முடிகளைக் கண்டேன். நகங்களும் உங்களுடையவை போல வரிவரியாக உடைந்திருந்தன. அவள் எந்தக் கடலுக்குப் பயந்தாள், காக்கா?

கொழும்பில் ஒரு டொக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்தார். முடிவு வந்ததும் விளங்கப்படுத்தினார். பரம்பரையைச் சுமக்கும் நிறமூர்த்தங்களின் நுனியில் டெலோமியர் என்று ஒரு காப்பு இருக்கிறதாம். உடம்பின் உயிரணுவான கலம் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் குறையுமாம். மிகவும் குறைந்தால் கலம் பிரிவதை நிறுத்தி முதுமையடைந்துவிடும். எல்லாருக்கும் மெல்ல நடப்பது. சிலருக்குப் பிறக்கும்போதே அது கட்டை. அவர்களுக்கு முடி முந்தி நரைக்கும். எலும்புக்குள் ரத்தம் ஊறும் மச்சையும் முந்திக் களைத்துவிடும்.

உங்களைப் பற்றிச் சொன்னேன். "அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

"பயத்தால இல்லயா? என்னைத் தூக்கினதால?"

"இந்த நோய் அப்படி வராது, தங்கச்சி. பரம்பரையால வாறது."

திரும்பி வரும் பஸ்ஸில் மகளை மடியில் சாய்த்துக் கண் அயர்ந்தேன். கறுத்த முடியோடு நீங்கள் ஓடிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீருக்குச் சத்தமே இல்லை. கால் படுவது கடலா, வயலா, எதுவும் தெரியவில்லை. நான் உங்கள் தோளில் இறகு மாதிரி இருந்தேன்.

உம்மாவிடம் சொன்னேன். பேத்தியின் காதோரத்தைத் தடவிப் பார்த்தா. பிறகு, "அப்ப நான் குடுத்ததா மகள்?" என்றா.

"வாப்பாட பக்கமாவும் இருக்கலாம் உம்மா. ஆரும் தெரிஞ்சு குடுக்கிறல்ல."

நம்பினாவா? என் நெஞ்சில் கிடந்ததை எடுத்து அவட நெஞ்சில் வைத்துவிட்டேனா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லித் தேற்றியிருப்பீர்கள்?

மகளின் ரத்தம் இன்னும் நல்லபடி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மச்சை மாற்றவும் வழி உண்டாம். ஒரு தவணையும் தவறவிடமாட்டேன். உங்கள் வயதை அவள் தாண்டுவாள், இன்ஷா அல்லாஹ். தாண்டி, கிழவியாகி நரைக்கட்டும்.

உங்கட ஒரே தங்கச்சி,
கல்முனைக்குடியிலிருந்து