பாலத்துக் கோப்பில் என் கையெழுத்து

அன்பு மகளுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். குழந்தைக்கு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள், அதுவும் சமையல்காரம்மா மூலமாக. பத்து நாளாக அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆற்றுப் பாலம் இடிந்து பேருந்தோடு பத்தொன்பது பேர் போனதும், பொதுப்பணித் துறை அமைச்சரான உன் மாமாவை ராஜினாமா செய்யச் சொன்னேன் அல்லவா, அதிலிருந்து இப்படி. கூடப் பிறந்த தம்பி ஆயிற்றே, அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

செய்தியில் வராததை உனக்கு எழுதுகிறேன். பாலத்தை உடனே மூட வேண்டும் என்று மாமா நான்கு மாதம் முன்பே எனக்குக் கோப்பு அனுப்பிவிட்டார். நான் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திருப்பினேன். அப்படி எழுதினால், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து விளக்கும்வரை கோப்பு அசையாது. தலைமைப் பொறியாளர் மூன்று முறை வந்து என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே நான் எம்.எல்.ஏ.க்களைத் தாஜா செய்துகொண்டிருந்தேன். பெரும்பான்மைக்கு இரண்டே பேர் கூடுதலாக இருக்கும் ஆட்சியில் முதலமைச்சருக்கு வேறென்ன வேலை, அவர்களில் ஒருவருக்குத் தலைவலி என்றால் எனக்குக் காய்ச்சல். பாலத்தை மூடினால் அந்தத் தொகுதிக்காரர் முறுக்கிக்கொள்வார் என்ற பயமும் இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பிணவறை வாசலில் ஒரு தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமாவை நீக்கியதற்கு நன்றி சொன்னார். கோப்பில் எழுதியது அந்தக் கைதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தாளை உருவிவிடலாம் என்கிறார்கள் கட்சிக்காரர்கள். நேற்று மாமாவும் வந்து, "பழி என்னோடயே போகட்டும் அத்தான். நீங்க விலகினா அமைச்சரவையே போயிடும்" என்றார். உண்மைதான், முதலமைச்சர் இறங்கினால் மற்ற அமைச்சர்களும் இறங்க வேண்டியதுதான். ஆனாலும் அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக் காலை சபை கூடியதும் அந்தப் பக்கத்தை நானே வாசித்துவிட்டு, ஆளுநரிடம் ராஜினாமாவைக் கொடுக்கப் போகிறேன். வழக்கு வரும், ஜெயிலும் வரலாம். அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இன்று சாயங்காலம் சொல்ல வேண்டும், சபையைவிட எனக்கு அதுதான் நடுக்கமாக இருக்கிறது.

உன்னையும் இழுத்து வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், பதில் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு. மூவரும் நீண்ட நாள் நிம்மதியாக இருங்கள். இனி அரசு பங்களாவுக்கு எழுதாதே, நம் வீட்டு முகவரிக்குப் போடு. எனக்கு எழுத உனக்கு மனம் வராவிட்டால் அம்மாவுக்காவது எழுது.

உன் அப்பா